நிரலும் குறிக்கோளும்

மாணவ வாழ்க்கைக்குக் குறிக்கோள் வேண்டும் என்று கூறாத ஆசிரியர் இல்லை. கூறாத பெற்றோரும் இல்லை. ஆனால், குறிக்கோள் என்பது யாது என நின்று கேட்பவர் மிகச் சிலரே. தலைநகரில் பயிலும் நம்மிடையே, சிறப்பாகக் கணிப்பொறி இயல் பயில்வோரிடையே, இச்சொல் இன்று வெறும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. ஆண்டுக்கு எத்தனை இலட்சம்? இதுதான் அந்த எண். பிளேஸ்மென்ட் காலம் வந்துவிட்டால் விடுதியின் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. “அவனுக்கு என்ன பேக்கேஜ்?” என்று கேட்கிறோம். “அவன் அங்கே என்ன வேலை செய்யப் போகிறான்?” என்று கேட்பவரைக் காணோம்.

இந்த எண்ணும் இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன் பிறகு, கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் சங்க அறையில் என்னிடம் கேட்டார்: “அக்கா, நிரலை இயந்திரமே எழுதுகிறது. பிறகு நான் எதற்காக இரவெல்லாம் கண்விழித்துக் கற்க வேண்டும்?” குறும்புக்காகக் கேட்ட கேள்வியன்று அது. கல்விக் கடன் வாங்கிப் பிள்ளையை இத்தனை தொலைவு அனுப்பிய ஒரு குடும்பத்தின் கவலை அதில் இருந்தது. அக்கவலை நம்மிற் பலருக்கும் பொது.

நானும் நிரல் எழுதிப் பிழைப்பவள்தான். இரண்டாண்டுகள் ஒரு நிறுவனத்தில் பணி புரிந்தேன். பிறகு மேற்படிப்புக்காக இங்கு வந்தேன். எனவே, சம்பளத்தை இகழ்ந்து பேசும் எண்ணம் எனக்கில்லை. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குச் சொல்லும் உபதேசம் உபதேசமாகாது. வீட்டுக் கடனை அடைப்பதும், தங்கையைப் படிக்க வைப்பதும், தாய்க்கு மருத்துவம் பார்ப்பதும் உயர்ந்த நோக்கங்களே. ஆயினும் ஒன்று சொல்வேன். சம்பளம் உழைப்பின் பயன். அது வளர்ச்சியின் அளவுகோல் ஆகாது. நிரல் எழுதுபவனுக்கு வளர்ச்சி என்பது, தான் எழுதியதற்குத் தானே பதில் சொல்லும் ஆற்றல் நாளுக்கு நாள் பெருகுவதே ஆகும். இயந்திரம் எழுதித் தரும் இக்காலத்தில் அந்த ஆற்றலின் தேவை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை. இதுவே என் கருத்து.

முதலில் ஒன்றை நினைவு கொள்வோம். நம் வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொள்வது இதுவே முதல் தடவையன்று. தொடக்கத்தில் நிரல் எழுதியவர்கள் எண்களாலேயே எழுதினர். 1952-இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஒரு புது வழி கண்டார். முன்பே எழுதி வைத்த பகுதிகளைத் தானே தேடியெடுத்து, முழு நிரலாகத் தொகுக்கும் நிரல் ஒன்றை அவர் ஆக்கினார். கணிப்பொறி கணக்குப் போடும், நிரலுமா எழுதும் என்று பலர் நம்ப மறுத்தனர். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் வந்தது. கணிதக் குறியீட்டைப் போன்ற வரிகளை எழுதினால் போதும். கம்பைலர் அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். அன்றோடு நிரலர் கூட்டம் ஒழிந்ததா? இல்லை, பெருகியது. கை வேலை குறைந்தது. கருத்து வேலை கூடியது.

அதே 1957-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்குச் சிரிப்பையும் தரும், சிந்தனையையும் தரும். ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா திருமணப் பதிவுக்குச் சென்றார். தொழில் யாது என்று கேட்டனர். நிரலர் என்றார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டனர். கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலர்’ என்றே பதிவாயிற்று. அன்று பெயரே இல்லாதிருந்த தொழில், இன்று நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பெயரும் வடிவும் மாறிக்கொண்டே வந்த தொழில் இது, இனியும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. செய்ததைப் புரிந்து செய்தவன் தேவைப்படுவான்.

புரிந்து செய்வது எளிதா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அகராதியில் ஒரு சொல்லைத் தேட நாம் என்ன செய்கிறோம்? நடுவில் திறக்கிறோம். தேடும் சொல் முன்னே இருந்தால் முன்பாதியை எடுத்துக்கொள்கிறோம். பின்னே இருந்தால் பின்பாதியை எடுத்துக்கொள்கிறோம். மீண்டும் நடுவில் திறக்கிறோம். முதலாண்டிலேயே நாம் கற்கும் ‘பைனரி சர்ச்’ என்னும் இருகூற்றுத் தேடல் இதுதான். பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கிவிடும். இம்முறை 1946-இல் முதன்முதல் வெளியிடப்பட்டது. எல்லா அளவுக்கும் பிழையின்றி வேலை செய்யும் வடிவம் 1962-இல்தான் அச்சேறியது என்று டொனால்டு குனூத் எழுதுகிறார். பத்து வரிக்குப் பதினாறு ஆண்டுகள்!

கதை அத்துடன் முடியவில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்ட்லி இதே கணக்கைத் தொழில்முறை நிரலர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பத்தில் ஒன்பது பேர் எழுதியதில் பிழை இருந்தது. அவர் தம் நூலில் கொடுத்த வடிவம் சரியானதென்று நிறுவப்பட்டிருந்தது. அவ்வடிவத்தைப் பின்பற்றியே ஜாவா மொழியின் நூலகத்திலும் எழுதினார்கள். அதிலும் ஒரு பிழை இருக்கிறது என்று, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் அவர்களே 2006-இல் உலகுக்கு அறிவித்தார். நடு இடத்தைக் காண இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால், அந்த வகை எண்ணைக் கணிப்பொறி எதிர்மறை எண்ணாகக் கொண்டுவிடும். நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட பட்டியலில்தான் இது நேரும். ஒன்பது ஆண்டுகள் அந்தப் பிழை உலகெங்கும் உறங்கிக் கிடந்தது.

இன்று இயந்திரத்தைக் கேட்டால் அந்தப் பத்து வரியை இமைப்பொழுதில் தந்துவிடும். பெரும்பாலும் சரியாகவே தரும். அது சரிதான் என்று எவ்வாறு அறிவீர்கள்? பள்ளம் எங்கே இருக்கும் என்று அறிந்தவன் அந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பான். அறியாதவன், ஓடுகிறது என்பதனாலேயே சரி என்று நம்பிவிடுவான். அந்த முதலாண்டு மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: நிரல் எழுதக் கற்பது எழுதுவதற்காக மட்டும் அன்று, எழுதப்பட்டதை எடை போடுவதற்காகவும் கற்கிறோம்.

ஓடுகிறது என்பதனாலேயே நம்பினால் என்ன கேடு வரும் என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளை நடத்தி வந்தவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் அக்கிளைகளுக்கு 1999 முதல் வழங்கப்பட்டது. இருப்பில் பணம் குறைகிறது என்று அது காட்டியது. நாங்கள் எடுக்கவில்லை என்று அவர்கள் அழுதனர். கணிப்பொறி தவறாது என்று வழக்குத் தொடுத்தனர். 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தனர். ஊரார் முகத்தில் விழிக்க இயலாமல் ஒடுங்கினர் பலர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதை 2019-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பில் உறுதி செய்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க, 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

தோழர்களே! நாம் எழுதும் வரிகள் நாளை ஒருவருடைய ரேஷன் கடையிலும், வங்கிக் கணக்கிலும், மருத்துவமனைப் பதிவேட்டிலும் போய் உட்காரப் போகின்றன. அங்கே நிற்கும் பாட்டிக்கு நம் பெயர் தெரியாது. நம் பேக்கேஜும் தெரியாது. அவர் பெயருக்கு நேரே சரியான எண் வருகிறதா என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். இந்தப் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் சுமத்த முடியாது. நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல இயந்திரம் வராது.

பொறுப்புணர்ச்சி மட்டும் போதுமா? கூர்ந்து நோக்கும் பழக்கமும் வேண்டும். 2024 மார்ச்சு மாதத்தில் நடந்தது ஒன்று. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் வேறொரு வேலைக்காக வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழையும் நேரம் வழக்கத்தை விட அரை நொடி கூடியிருந்தது. அரை நொடிதானே என்று அவர் விடவில்லை. காரணத்தைத் தேடிக்கொண்டே போனார். ‘எக்ஸ்இசட்’ என்னும் சுருக்க மென்பொருளின் புதிய பதிப்புகளில் எவரோ கள்ளக் கதவு ஒன்றைப் புதைத்து வைத்திருந்ததைக் கண்டார். இரண்டாண்டுகளுக்கு மேலாக நல்லவர் போல் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் பெயரால் அது புகுத்தப்பட்டிருந்தது. ஊதியமின்றித் தனியாளாக அம்மென்பொருளைக் காத்து வந்தவர் களைத்திருந்த நேரம் பார்த்து அந்த உதவிக்கரம் நீண்டிருந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். ஃபிராய்ண்டைக் காவலுக்கு யாரும் வைக்கவில்லை. ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் பழக்கம் அவரிடம் ஊறியிருந்தது. அப்பழக்கத்தை எந்த நிறுவனமும் நியமன உத்தரவோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. மாணவப் பருவத்தில்தான் அதை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படி வளர்ப்பது? வசதி குறைந்திருந்த காலத்தில் அது தானாகவே வளர்ந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்தது. நிரலை அட்டையில் துளையிட்டுத் தர வேண்டும்; ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் வரிசை. ஆகையால் முழு நிரலையும் தாளில் எழுதி, மனத்திலே ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே அட்டையைத் தொட்டனர். ஈரோட்டில் 1933-இல் பிறந்து, இதே தில்லியில் பள்ளியும் கல்லூரியும் பயின்ற பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே அவர்களுக்குக் கற்பித்தார். அவ்வனுபவத்திலிருந்து எழுந்த அவருடைய நிரலாக்க நூல் 1969-இல் வெளிவந்தது. நாடெங்கும் பல தலைமுறை மாணவர்கள் அவர் நூல்களைக் கொண்டே கணிப்பொறி கற்றனர்.

அட்டைக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வந்த பிறகு கிணற்றில் இறைத்தால்தான் உடம்பு உறுதிப்படும் என்று யார் சொல்வார்? ஆனால், அன்று இல்லாமை கற்பித்த பாடத்தை இன்று நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இயந்திரத்திடம் கேட்கு முன் கால்மணி நேரம் தாளும் பேனாவுமாக உட்காருங்கள். கணக்கை உங்கள் சொற்களில் எழுதுங்கள். எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை வர வேண்டும் என்று நான்கு எடுத்துக்காட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் கேளுங்கள். அப்போது நீங்கள் அதனிடம் வாங்குவது விடையாக இராது. உங்கள் எண்ணத்திற்கு ஒரு மறுமொழியாக இருக்கும்.

எழுதுவதைப் போலவே படிப்பதும் பயிற்சி. நான் பணி செய்த இடத்தில் பன்னிரண்டு ஆண்டுப் பழைய நிரல் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுதியவர்கள் எவரும் அங்கில்லை. மூன்று வாரம் அதைப் படித்தேன். வரைபடம் போட்டேன், ஒவ்வொரு பகுதியும் எதை நம்பி நிற்கிறது என்று குறித்தேன். கடைசியில் நான் மாற்றியவை இரண்டே வரிகள். வரிகளை எண்ணி வளர்ச்சியை அளந்தால் என் மூன்று வாரத்தின் மதிப்பு இரண்டு. ஆனால், அந்த மூன்று வாரத்தில் நான் கற்ற அளவு கல்லூரியின் எந்தப் பருவத்திலும் கற்றதில்லை. பிறர் ஏன் இவ்வாறு எழுதினார் என்று பொறுமையோடு நினைத்துப் பார்ப்பது அறிவுப் பயிற்சி மட்டும் அன்று. அது பண்புப் பயிற்சியும் ஆகும். புரியாததை எல்லாம் ‘குப்பை’ என்று தள்ளும் அவசரம் அதனால் அடங்குகிறது.

இதில் தமிழ் மாணவர்களாகிய நமக்கென்று தனிக் கடமை ஒன்றும் உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று குழந்தையும் சொல்லும். பைத்தான் மொழியைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருப்பதே காரணம். இதை அறியாத ஒருவர், பெயரை நான்கு குறியீட்டோடு வெட்டுமாறு எழுதிவிட்டால், புள்ளி போய்விடும். ‘தமிழ’ என்று நிற்கும். ‘கொ’ என்னும் எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்க வழியுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; அவற்றை ஒருமைப்படுத்தத் தெரியாத நிரலுக்கோ இரண்டும் வேறு. ‘கொடி’ என்று தேடினால் பாதிக் கொடிகள் கிடைக்கா! ஆங்கிலம் ஒன்றையே மனத்தில் கொண்டு எழுதுபவருக்கு இவை தோன்றுவதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பிறந்த நாள் முதல் இவ்வெழுத்துகளோடு பழகிய நமக்கன்றோ இவை முதலில் தோன்ற வேண்டும்? தமிழ் வாழ்க என்று ஆண்டு விழாவில் முழங்குவது நன்று. ஒரு கட்டற்ற மென்பொருளில் தமிழ்ப் பெயர் வெட்டுப்படாமல் ஒரு வரியைத் திருத்துவது அதனினும் நன்று.

ஆசை பெரிதாக இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. எத்தகைய பெருமை என்பதே கேள்வி. மேலே குறிப்பிட்ட குனூத் 1962-இல், தம் 24-ஆம் வயதில், நிரல் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். முதல் தொகுதி 1968-இல் வந்தது. இடையில் தம் நூலின் அச்சு அழகாக இல்லை என்று கண்டு, எழுத்துக் கோக்கும் ‘டெக்’ மென்பொருளை உருவாக்கவே பல ஆண்டுகள் செலவிட்டார். நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி 2022-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 84. தம் நூலில் பிழை காட்டுவோருக்குப் பிழை ஒன்றுக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசும் வைத்தார். தம் பிழையை விலை கொடுத்து வாங்கும் துணிவு எத்தகைய ஆசையிலிருந்து பிறக்கும்! எல்லாரும் குனூத் ஆக முடியாது. ஆனால், சரியாகச் செய்ய வேண்டும் என்னும் அந்த ஆசை எல்லாருக்கும் இயல்வதே. அதற்குக் கட்டணமும் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை.

சொல்லோடு நில்லாமல் செயலுக்கும் ஒரு வழி கூறி முடிக்கிறேன். நான் எனக்கு விதித்துக்கொண்டுள்ள கட்டளை ஒன்று உண்டு: அருகில் உள்ள தோழிக்குத் தமிழில் விளக்க முடியாத எந்த வரியையும், நான் எழுதியதாயினும் இயந்திரம் எழுதியதாயினும், என் நிரலில் விட்டு வைப்பதில்லை. ஆங்கிலத்தில் மனப்பாடமான சொற்களை அடுக்கிப் புரிந்ததுபோல் காட்டிவிடலாம். வீட்டு மொழியில் விளக்கத் தொடங்கினால், புரியாத இடத்தில் நா தானே நின்றுவிடும். அந்த இடந்தான் நாம் கற்க வேண்டிய இடம்.

இதை நம் சங்கம் கூட்டாகச் செய்யலாம். சனிக்கிழமை மாலைகளில் சங்க அறை சும்மாதான் கிடக்கிறது. வாரம் ஒருவர் ஒரு கட்டற்ற மென்பொருளிலிருந்து நூறு வரிகளைத் தேர்ந்து வரட்டும். நாம் அனைவரும் உட்கார்ந்து, வரிக்கு வரி தமிழில் பேசிப் படிப்போம். இலக்கியம் பயில்வோரும் வரலாம். நம் விளக்கம் விளக்கமாக இருக்கிறதா என்று அவர்களே நல்ல நடுவர்கள். ஓர் ஆண்டு முடிவில் தமிழ் எழுத்துச் சிக்கல் ஒன்றையேனும் தீர்த்து, உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் சேர்த்துவிட முடியும். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இப்பயிற்சி கைகொடுக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நல்ல சம்பளம் பெறுவோம். வீட்டுக் கடனை அடைப்போம். நம் கையிலிருந்து போகும் ஒவ்வொரு வரிக்கும் ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று சொல்லக்கூடியவர்களாகவும் வளர்வோம். அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் நூறு வரிகளை நான் கொண்டு வருகிறேன். வாருங்கள், படிப்போம்.